மூன்று நாள் ஓடியது என்றால்?

அன்புள்ள ஐயா,

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையக்கரு) நினைவகப் பக்கங்களை மீட்கும் பகுதியில் சிறிய மாற்றம் ஒன்று செய்தேன். என் கணினியில் மூன்று நாள் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. நண்பரின் கணினியில் அரை மணி நேரத்தில் விழுந்துவிட்டது. தடயம் பார்க்க பிரிண்ட்கே வரிகள் (கெர்னல் பதிவில் செய்தி எழுதுபவை) சேர்த்தால் பிழையே வருவதில்லை. கம்பைலர் மீது சந்தேகமாக இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் ஓட்டினால் போதும்?

ர.

அன்புள்ள ர.,

கம்பைலரை விடுங்கள். பிரிண்ட்கே சேர்த்ததும் பிழை மறைகிறது என்றால் நேரம் கொஞ்சம் தள்ளிப்போய் இரண்டு சிபியுக்கள் மோதாமல் விலகியிருக்கலாம். பூட்டுகள் சரியாகப் போடப்படுகின்றனவா என்று பார்க்கும் லாக்டெப் கருவியைப் போட்டுப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த மூன்று நாளில்தான். உங்கள் கணினியில் ரேம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. காலிப் பக்கங்கள் வாட்டர்மார்க் என்ற எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான், பக்கங்களை மீட்கும் பின்னணி வேலையாளான கெஸ்வாப்டி விழித்துக்கொள்ளும். ரேம் தாராளமாக இருந்தால் அது தூங்கிக்கொண்டே இருக்கும். மூன்று நாளில் நீங்கள் எழுதிய வரி ஒரு தடவையாவது ஓடியதா? பார்த்தீர்களா? 512 எம்பி மட்டும் கொடுத்து ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கள். அது திணற வேண்டும்.

அதுவும் போதாது. எட்டுப் பக்கம் வரையிலான சாதாரண ஒதுக்கீடு கெர்னலில் தோற்பதே அபூர்வம். மீட்டுப் பார்க்கும், காத்திருக்கும், கடைசியில் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும் ஓஓஎம் கில்லரைக்கூட அழைக்கும், ஆனால் 'இல்லை' என்று சொல்லாது. அதனால் 'நினைவகம் கிடைக்காவிட்டால்' என்று நாம் எழுதிவைக்கிற நிரல் கிளை வருடக்கணக்கில் ஓடாமலே கிடக்கும். ஃபெயில்ஸ்லாப் என்ற சோதனை வசதி இருப்பது இதற்காகத்தான். வேண்டுமென்றே ஒதுக்கீட்டைத் தோற்கவைக்கும்.

அப்படி ஓடாத கிளை ஒன்றில் நானும் ஒரு பிழை வைத்திருந்தேன். விடுவித்த பொருளை மறுபடி தொடும் பிழை. கெர்னல் விழுந்தபோது ரெஜிஸ்டர் முழுக்க 6பி 6பி 6பி என்று இருந்தது. ரேம்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, குச்சிகளைக் கழற்றி மாட்டி, இரவு முழுக்க மெமரி சோதனை ஓட்டினேன். காலையில் மூத்த சகா ஒருவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நினைவகத்தை அப்படியே கொட்டிக் காட்டும் டம்ப்பின் வலப்பக்கப் பத்தியில் விரலை வைத்தார். அங்கே 6பி என்ற குறியீட்டுக்குரிய ஆங்கில எழுத்து 'கே' வரிசையாக நின்றது. கடைசி பைட் மட்டும் ஏ5. "குப்பைன்னு நெனச்சியா? உனக்குத்தான் எழுதி வச்சிருக்கு, படி" என்றார். ஸ்லப் டீபக் என்ற பிழைதேடும் வசதி இயங்கும்போது விடுவித்த இடத்தை கெர்னல் 6பி கொண்டு நிரப்பி, முடிவில் ஏ5 வைக்கும். இரவெல்லாம் அதைக் கண் முன்னால் வைத்துக்கொண்டுதான் நான் ரேமைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த விரல் நின்ற இடம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது உங்களுக்கு நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் காசான் இருக்கிறது. 2015-லிருந்தே கெர்னலோடு வருகிறது. எட்டு பைட்டுக்கு ஒரு நிழல் பைட் (அவற்றைத் தொடலாமா என்ற குறிப்பு) வைத்து, பொருளை யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார், அப்புறம் யார் தொட்டார் என்று மூன்று தடங்களையும் காட்டிவிடும். இதைப் போடாமல் பிரிண்ட்கே தெளித்துக்கொண்டிருந்தால் நான் திட்டத்தான் செய்வேன்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நாளை எண்ணாதீர்கள். மீட்புக் கிளையும் தோல்விக் கிளையும் எத்தனை தடவை ஓடின என்று எண்ணி எழுதுங்கள். காசான் அறிக்கை கிடைத்தால் முதல் வரியை மட்டும் வெட்டி அனுப்பாமல், கடைசி டம்ப் வரை முழுதாக அனுப்புங்கள். சேர்ந்து படிக்கலாம்.