ஏ.ஐ. சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் பண்ணியபோது பின்னால் மண்டி ஏலச் சத்தம். நீங்கள் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது, நான் சொன்னதும் உங்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். கல்லூரி சேர்க்கைக்கு ஆலோசனை சொல்லும் என்னிடம் இந்த மாதம் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் இதே கேள்வியோடு வந்தார்கள், அவர்களும் படிக்கட்டும்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பாப்பாவின் பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 171.5. ஓசூரில் இருக்கும் உங்கள் மச்சான், "ஏ.ஐ. வந்துவிட்டது, கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இனி வேலை இல்லை" என்று தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதே வாரத்தில் ஒரு கல்லூரியின் ஆள் வீட்டுக்கே வந்து, "ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் எடுத்தால்தான் இனி வேலை, மூன்று சீட்தான் பாக்கி, வெள்ளிக்குள் 50,000 அட்வான்ஸ்" என்கிறார். ஒருவர் ஏ.ஐ. வேலையைத் தின்னும் என்கிறார், இன்னொருவர் ஏ.ஐ. வேலை கொடுக்கும் என்கிறார். நீங்கள் இரண்டு பேரையும் நம்பி இரண்டு மடங்கு பயந்து போயிருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமையை முதலில் மறந்துவிடுங்கள். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அண்ணா, நீங்கள் சொன்னதிலேயே பெரிய விஷயம் அதுதான், அதைக் கடைசியில் சொன்னீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021லிருந்து இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. உங்கள் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சலுகையும் கைவசம் இருக்கிறது. ஆனால் 7.5 சதவீதமும் முதல் பட்டதாரி சலுகையும் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கையெழுத்துப் போட்ட நிமிஷமே இரண்டும் போய்விடும். வீட்டுக்கு வந்த ஆள் இதைச் சொன்னாரா? சொல்ல மாட்டார். சேர்த்துவிடும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கணக்கு.

அவசரத்தில் ஏற்கெனவே கட்டியிருந்தாலும் பதற வேண்டாம். ரசீது வாங்கினீர்களா என்று பாருங்கள். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி (இந்த ஏ.ஐ. வேறு அண்ணா, தொழில்நுட்பக் கல்விக் குழு) அவர்கள் குறித்த கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு இழுத்தடிக்கவும் கூடாது. ரசீதில்லாமல் கேட்கிற தொகைக்குப் பெயர் டொனேஷன், அதைத் தடுக்க 1992லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் எப்படி வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் கோபம் வரும்.

சரி, அந்தப் படிப்புக்கு வருவோம். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் கெட்ட படிப்பு இல்லை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே பாடம்தான்: கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், புரோகிராமிங். எங்கே படிக்கிறோம், யார் நடத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் இந்த பிராஞ்ச் 2020க்குப் பிறகு வந்தது. அதனால் அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் காலேஜில் இந்த பிராஞ்சில் முதல் செட் எந்த வருஷம் வெளியே வந்தது?" போன மாதம் என் மேசைக்கு வந்த ஒரு நோட்டீஸில் "100% பிளேஸ்மெண்ட்" என்று சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். விசாரித்தால் அந்த பிராஞ்சில் மூத்த மாணவர்களே இரண்டாம் வருஷம்தான் படிக்கிறார்கள். படித்து முடித்தவரே இல்லாத இடத்தில் நூறு சதவீதம் பேருக்கு வேலை!

என்.பி.ஏ. அங்கீகாரத்தையும் (படிப்பின் தரத்தைப் பார்த்து தேசிய அளவில் கொடுப்பது) கேளுங்கள். அது கல்லூரி மொத்தத்துக்கும் கிடைப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. குறைந்தது இரண்டு செட் முடித்து வெளியே போன பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். "எங்கள் காலேஜ் என்.பி.ஏ. காலேஜ்" என்று ஒருவர் சொன்னால், மெக்கானிக்கலுக்கு வாங்கியதை வைத்து ஏ.ஐ.யை விற்கிறாரோ என்று சந்தேகப்படுங்கள்.

அப்புறம் வாத்தியார்கள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு ஒரு விவரத்தை வெளியே கொண்டுவந்தது. ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர் என்று கணக்கில் இருந்தார். இப்படிப் பலர். பல்கலைக்கழகமும் விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. பழைய பிராஞ்சுகளிலேயே இந்த நிலைமை என்றால், நேற்று முளைத்த பிராஞ்சுக்கு ஆள் எங்கிருந்து வருவார்? அதனால் கல்லூரிக்கு நேரில் போங்கள். ஆபீஸ் பக்கம் போகாமல் கேண்டீனில் டீ வாங்கிக்கொண்டு, மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் "இந்த செமஸ்டரில் மெஷின் லேர்னிங் யார் எடுக்கிறார்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர்ப்பலகையில் ஏ.ஐ. என்று எழுதிவிட்டு உள்ளே பழையதையே வைத்திருப்பதை நம் ஊர்க் கல்லூரிகள் கண்டுபிடிக்கவில்லை. பெரிய இடத்திலிருந்துதான் வந்தது. அமெரிக்காவில் இதற்கு "ஏ.ஐ. வாஷிங்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஏ.ஐ. வைத்து முதலீடு செய்கிறோம் என்று தவறாகச் சொல்லிக்கொண்ட இரண்டு நிறுவனங்கள், 2024 மார்ச்சில் அந்த நாட்டுப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துக்கு மொத்தம் 4 லட்சம் டாலர் கட்டின. இதைவிட வேடிக்கை நேட் என்ற செயலி. ஒரு பட்டனைத் தட்டினால் ஏ.ஐ.யே எந்த இணையக் கடையிலும் பொருள் வாங்கித் தரும் என்று சொல்லி முதலீட்டாளர்களிடம் 4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். பிலிப்பைன்ஸில் கால் சென்டர் ஆட்கள் உட்கார்ந்து கையால் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள், தானாக நடந்தது கிட்டத்தட்ட பூஜ்யம் என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித் துறை நிறுவனர் மேல் குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. திரைக்குப் பின்னால் ஏழை நாட்டு ஆள், திரைக்கு முன்னால் ஏ.ஐ. என்ற போர்டு.

அவ்வளவு தூரம் எதற்கு, போச்சம்பள்ளிக்கு வாருங்கள். 2021ல் ஓலா எலக்ட்ரிக் அங்கே ஆலை கட்டியபோது, முழுக்கப் பெண்களே நடத்தும் உலகின் மிகப் பெரிய ஆலை, 10,000 பெண்களுக்கு வேலை என்று நிறுவனர் அறிவித்தார். அந்த வருஷம் எத்தனை அம்மாக்கள் என்னிடம் வந்து "ஸ்கூட்டர் கம்பெனிக்கு என்ன படிக்கணும் சார்" என்று கேட்டார்கள் தெரியுமா? ஆலை நிஜம்தான், வேலைக்குப் போன பெண்களும் நிஜம்தான். ஆனால் 2024 ஆகஸ்ட் வரையான ஒரு வருஷத்தில் 10,000ஐத் தாண்டியது வேறு ஒன்று. வண்டி வாங்கியவர்களின் புகார்கள்! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்காக 2024 அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. மேடையில் சொல்லும் எண்ணை வைத்து நீங்கள் குடும்பக் கணக்குப் போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது மச்சானின் வாட்ஸ்அப். ஸ்வீடன் நாட்டில் கிளார்னா என்ற கடன் நிறுவனம், 700 பேர் செய்யும் வாடிக்கையாளர் சேவை வேலையை எங்கள் ஏ.ஐ. செய்கிறது என்று 2024 பிப்ரவரியில் மார்தட்டியது. 2025ல் அதே நிறுவனத்தின் தலைவரே, தரம் குறைந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டு, பேச மனிதர்களை மறுபடி எடுக்கத் தொடங்கினார். முதல் செய்தி மச்சானுக்கு வந்துசேர்ந்திருக்கும். இரண்டாவது வந்திருக்காது. ஜெஃப்ரி ஹிண்டன் என்று ஒரு விஞ்ஞானி, இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டவர், 2024ல் நோபல் வாங்கியவர். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி டாக்டர்களுக்கு இனிப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016ல் சொன்னார். தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த யாரையாவது கேளுங்கள், ரேடியாலஜி டாக்டருக்கு வேலை போய்விட்டதா என்று. இத்தனைக்கும் ஹிண்டன் எதையும் விற்க வந்தவர் இல்லை. அவர் கணக்கே தப்பியது என்றால், விற்க வந்தவர் கணக்கு?

டி.சி.எஸ். 2025 ஜூலையில் 12,000 பேருக்கு மேல் குறைக்கிறோம் என்றது, மொத்த ஆட்களில் சுமார் 2 சதவீதம். ஏ.ஐ. வந்ததால் அல்ல, திறன் பொருந்தாததால் என்று அதன் தலைமை அதிகாரி சொன்னார். அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். முதலீட்டாளர்களிடம் வியாபாரம் மந்தம் என்று சொன்னால் பங்கு விழலாம், ஏ.ஐ.யால் ஆளைக் குறைத்தோம் என்றால் ஏறலாம்; அதையே ஊழியர்களிடம் சொன்னால் பயம்தான் வரும். அதனால் ஒரு கம்பெனி என்ன காரணம் சொல்கிறது என்பதைவிட, யாரிடம் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஒன்றை உங்களிடம் மறைக்க மாட்டேன். கல்லூரி முடித்து நேராக பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ் ஏறி வேலையில் உட்கார்ந்தது ஒரு காலம். இப்போது முடித்து ஒரு வருஷம் ஆகியும் வேலை கிடைக்காத பிள்ளைகள் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். பயம் முழுக்கப் பொய் இல்லை.

தக்காளியை வைத்தே சொல்கிறேன், உங்களுக்குப் புரியாத உதாரணம் எதற்கு. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியதும் நம் பக்கம் வரப்பு வரை நாற்று நட்டார்கள். காய் பறிக்கும்போது என்ன விலை போனது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி சீட்டிலும் அதே கதைதான். நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிராஞ்சில் இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பை 2024-25லிருந்து ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கேட்கிற கல்லூரியெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் இடத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. இதில் "மூன்று சீட்தான் பாக்கி" என்கிறார் பாருங்கள்! தக்காளியாவது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும், பி.இ.க்கு நாலு வருஷம்.

பாப்பாவுக்குக் கணக்கு பிடிக்கும், வீட்டில் மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டுவாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டேன். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி, செட்டிகரையில் இருக்கும் தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரி, இரண்டிலும் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்), இ.இ.இ. (எலக்ட்ரிக்கல்) இருக்கின்றன. ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், ஏதர், கெலமங்கலம் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் என்று மின்சாரமும் எலக்ட்ரானிக்ஸும் தெரிந்தவர்களைத் தேடும் ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே சம்பளம் முதலில் மென்பொருள் அளவுக்கு இருக்காது, ஒப்பந்த வேலையும் நிறைய. அதையும் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அவளே சொன்னால் அதையும் முதல் வரிசையில் போடுவோம். என் ஆசை, அவளுடைய விருப்பம் உங்கள் பயத்துக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான்.

எந்த பிராஞ்ச் எடுத்தாலும் ஏ.ஐ.யைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அது சொல்வது தப்பு என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தன் பாடம் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் என்ற பெரிய ஆலோசனை நிறுவனம் 4.4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தத்தில் கொடுத்த அறிக்கையில், இல்லாத ஆய்வுகளை ஏ.ஐ. மேற்கோள் காட்டியிருந்தது. 2025ல் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர் பாடம் தெரிந்த ஒரு மனிதர்.

கடைசியாக நீங்கள் கேட்ட அந்த ஆன்லைன் கோர்ஸ், 80,000 ரூபாய், வேலை உத்தரவாதம், மாதத் தவணை. வேண்டாம். என் அக்கா மகன் இப்படி ஒன்றில் சேர்ந்தான். "இ.எம்.ஐ.தானே" என்று போனிலேயே ஓ.டி.பி. சொன்னான், அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம் என்று இரண்டாவது மாதம்தான் தெரிந்தது. வகுப்பு நாலு மாதத்தில் நின்றது. தவணை பதினெட்டு மாதமும் போனது. இப்போது அவன் வீட்டுக் கடனுக்குப் போனால், இடையில் தவணை தாமதமானது சிபிலில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றில்) பல்லைக் காட்டுகிறது. 2020ல் ஒயிட்ஹேட் ஜூனியர் விளம்பரங்களில் கோடிங் படித்துப் பதிமூன்று வயதில் கூகுளில் கோடிச் சம்பளம் வாங்கிய வுல்ஃப் குப்தா என்ற பையன் வந்தானே, அப்படி ஒரு பையனே கிடையாது. விளம்பரத் தர மன்றம் தலையிட்ட பிறகு பல விளம்பரங்கள் விலக்கப்பட்டன. அந்த நிறுவனத்தை 30 கோடி டாலருக்கு வாங்கிய பைஜூஸ், 2022ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்டது, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குப் போனது. வேலை உத்தரவாதம் என்று பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதலும் வந்தாயிற்று. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். படிக்க ஆசை என்றால் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம்.

புதன்கிழமை காலை மண்டி முடிந்ததும் தருமபுரிக்கு பஸ் ஏறுங்கள், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். முதல் பட்டதாரி இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், நாள் ஆகும். போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்த பிராஞ்ச் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியலை வைத்து ஐம்பது சாய்ஸாவது எழுதுவோம். அந்தக் கல்லூரி ஆள் வெள்ளிக்கிழமை போன் பண்ணினால், முதல் செட் எந்த வருஷம் வந்தது என்று மட்டும் கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வந்தால் அந்தத் தாளையும் பையிலேயே வையுங்கள்.