கூகுள் இல்லாத ஃபோன்ல யுபிஐ ஓடுமா? மதுரையிலிருந்து கேள்வி பதில்

வணக்கம். சிம்மக்கல் பக்கம் ஃபோன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். என் சொந்த ஃபோன்ல ஓடுறது கிராஃபீன் ஓஎஸ். ஓஎஸ்னா ஃபோனை ஓட்டுற அடிப்படை மென்பொருள். கம்பெனி போட்டுத் தர்ற ஆண்ட்ராய்டுக்குப் பதிலா நாமளே ஏத்திக்கிற மாற்று ஓஎஸ்தான் கிராஃபீன், லீனேஜ் எல்லாம். மாற்று ஓஎஸ் போட்டா பணம் அனுப்புறது எப்படி, நம்ம விவரம் எங்கெங்க போகுதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துட்டு எழுதுறேன்.

அனுப்பானடி, கல்லூரி மாணவர்: அண்ணே, பழைய ஃபோன்ல லீனேஜ் ஓஎஸ் போட்டேன். புதுசு மாதிரி ஓடுது. ஆனா பேங்க் ஆப்பைத் திறந்தா உடனே மூடிக்குது. ரூட் பண்ணி, அதாவது சிஸ்டத்தோட முழு அதிகாரத்தையும் எடுத்து, ஓஎஸ் மாத்தினதை மறைச்சா ஓடும்னு ஃபிரண்ட் சொல்றான். பண்ணலாமா?

வேணாம் தம்பி. லீனேஜ் ஏத்தணும்னா முதல்ல பூட்லோடரைத் திறக்கணும்ல? ஃபோன் ஆன் ஆகுறப்போ உள்ள இருக்கிறது அசல் சிஸ்டம்தானா, யாராவது கை வச்சிருக்காங்களான்னு பார்க்கிற இடம் அதுதான். பெரும்பாலான மாடல்ல லீனேஜ் போட்டதுக்கு அப்புறம் அதைத் திரும்பப் பூட்ட முடியாது. கூகுளோட 'ப்ளே இன்டெக்ரிட்டி' சோதனை வழியா பேங்க் ஆப் இதைத் தெரிஞ்சுக்குது, தெரிஞ்ச உடனே மூடிக்குது.

மறைக்கிறதுக்கு மாட்யூல்னு கூடுதலா ஏத்துற சின்ன மென்பொருள் இருக்கு, இல்லைன்னு சொல்லல. இன்னிக்கு ஓடும், கூகுள் சோதனையை மாத்தினா நாளைக்கு நிக்கும். அப்படி மறைச்சு ஓட்டின ஒரு பையன் ராத்திரி 11 மணிக்கு மாட்டுத்தாவணியில சென்னை பஸ்ஸுக்கு நிக்கிறான். ஆப் திறக்கல. பாக்கெட்ல 40 ரூபாய். மறுநாள் காலையில கடை திறக்கும்போது வாசல்ல உக்காந்திருந்தான். இதைவிடப் பெரிய பயம் எனக்கு ரூட் மேலதான். ரூட் வாங்கின ஒரு கெட்ட ஆப் உள்ள வந்தா, மத்த ஆப் எல்லாத்தோட தகவலையும் அது படிக்கும். கூகுள் பார்க்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சுட்டு பணத்தைத் திருடன்கிட்ட கொடுக்கக் கூடாது. அந்த ஃபோனைப் படிக்க, பாட்டுக் கேக்க வச்சுக்கோங்க. பணத்தை அதுல வைக்காதீங்க.

கே.கே. நகர், மென்பொருள் வேலை: அப்போ கிராஃபீன் மட்டும் எப்படிச் சரி?

கிராஃபீனை ஏத்தினதும் பூட்லோடரைத் திரும்பப் பூட்டிடலாம் சார். அதுதான் முக்கியமான வித்தியாசம். கூகுளோட பிக்சல் ஃபோனுக்காகச் செஞ்சது. கூகுள் ப்ளேயையும் வேணும்னா போட்டுக்கலாம், ஆனா அது மத்த ஆப் மாதிரி ஒரு சாதாரண ஆப்பா ஒரு கூண்டுக்குள்ளதான் கிடக்கும். சிஸ்டத்துக்குள்ள தனி அதிகாரம் கிடையாது. பல யுபிஐ ஆப், பேங்க் ஆப் இதுல ஓடுது. கூகுள் சான்று கொடுத்த சிஸ்டம்தான் வேணும்னு அடம்பிடிக்கிற ஆப் ஓடாது, ஒரு அப்டேட்ல நிலைமை மாறவும் செய்யும். அதனால உங்க பேங்க் ஆப் ஓடுதான்னு பயனர்கள் தொகுத்து வச்சிருக்கிற பட்டியல்ல பார்த்துட்டு அப்புறமா ஃபோன் வாங்குங்க.

வெளிநாட்டுக்காரங்க கிராஃபீன்ல பெரிய குறையாச் சொல்றது, கூகுள் பே ஆப்ல கார்டு போட்டு ஃபோனை மெஷின்ல தட்டிக் கட்ட முடியாதுங்கிறது. நமக்கு அது பெரிய இழப்பே இல்ல. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல விடியக்காலம் போய்ப் பாருங்க. மல்லிகைக் கூடைக்கு மேல கயித்துல க்யூஆர் அட்டை தொங்கும். தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அதோட ஓரம் உப்பிப் போயிருக்கும். கேமரா அனுமதி ஒண்ணு கொடுத்தா ஸ்கேன் ஆயிடும், தட்டுற வேலையே இல்ல.

பழைய பிக்சல் வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுல வெரிசான் கம்பெனி வித்த பிக்சல்ல பூட்லோடரைத் திறக்கவே விட மாட்டாங்க. காசைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, செட்டிங்ஸ்ல மறைஞ்சிருக்கிற டெவலப்பர் ஆப்ஷன்ல, பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கிற 'ஓஇஎம் அன்லாக்கிங்' சுவிட்ச் நகருதான்னு கடையிலேயே வச்சுப் பார்த்துடுங்க. கிராஃபீன் ஏத்தி முடிச்சதும் டெவலப்பர் ஆப்ஷனை அணைச்சிடுங்க. அது ஆன்ல இருந்தாலே திறக்காத பேங்க் ஆப்பும் உண்டு.

விளாங்குடி: கிராஃபீன்ல பணத்துக்குன்னு தனி யூசர் புரொஃபைல் வச்சேன், ஒரே ஃபோனுக்குள்ள இன்னொரு ஆளோட ஃபோன் மாதிரி. யுபிஐ பதிவு பண்ணும்போது எஸ்எம்எஸ் போகவே மாட்டேங்குது.

ரெண்டாவது புரொஃபைல்ல எஸ்எம்எஸ் முதல்ல மூடியேதான் இருக்கும். முதன்மை புரொஃபைலுக்குப் போய், செட்டிங்ஸ்ல அந்த யூசரைத் தொட்டு, அழைப்பும் எஸ்எம்எஸும் அனுமதிக்கிற சுவிட்சைப் போடுங்க. பேங்க்ல கொடுத்த நம்பரோட சிம் அந்த ஃபோன்ல இருக்கணும், வெளியே எஸ்எம்எஸ் போற ரீசார்ஜும் இருக்கணும். ரெண்டு சிம் இருந்தா மத்ததைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைங்க.

கோரிப்பாளையம் பக்கம், பெயர் வேண்டாம்னு கேட்டுக்கொண்டவர்: அண்ணா, ஒரு கடையில 60 ரூபாய் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே தெரியாத நம்பர்ல இருந்து என் பேரைச் சொல்லி மெசேஜ். ஓஎஸ் மாத்தினா இது நிக்குமா?

நிக்காதும்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல, அதை முதல்ல மனசுல வச்சுக்கோங்க. பணம் போனதும் வாங்குறவங்களுக்கு உங்க பேரும் யுபிஐ ஐடியும் தெரிய வாய்ப்பிருக்கு. பல ஆப் உங்க மொபைல் நம்பரையே ஐடியா வச்சுக் கொடுத்துடுது. '@' குறிக்கு முன்னாடி இருக்கிற பத்து இலக்கம் உங்க நம்பர்தான். எந்த ஓஎஸ்ல இருந்து அனுப்பினாலும் அது அப்படியேதான் போகும்.

இப்பவே யுபிஐ ஆப்போட புரொஃபைல்ல யுபிஐ ஐடிங்கிற இடத்துக்குப் போங்க. நம்பர் இல்லாம, முழுப் பேரும் இல்லாம, புதுசா ஒரு ஐடி சேருங்க. அதையே முதன்மையா வச்சுட்டு, நம்பர் இருக்கிற பழசை நீக்குங்க. உங்க ஆப்ல அப்படி மாத்த வழி இல்லைன்னா, வழி இருக்கிற ஆப்புக்கு மாறிடுங்க. அடுத்து, யாராவது உங்க நம்பரைப் போட்டுத் தேடினா பேங்க்ல இருக்கிற பேர் வர்றதுக்குக் காரணம் 'யுபிஐ நம்பர்', அதாவது மொபைல் நம்பரை உங்க யுபிஐயோட இணைச்சு வைக்கிற வசதி. அந்த இணைப்பையும் எடுத்துடுங்க. புரொஃபைல் படத்தையும் எடுத்துடுங்க. பேங்க்ல இருக்கிற பேரை மட்டும் மறைக்க முடியாது. அந்தக் கடைக்கு இனிமே போனா ரொக்கமாக் கொடுங்க. மெசேஜ் தொடர்ந்து வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு போலீஸ்ல புகார் கொடுங்க, தயங்க வேணாம்.

மேலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இதெல்லாம் செய்துவிட்டால் என் செலவுக் கணக்கு யாருக்கும் தெரியாதுதானே?

தெரியும் ஐயா. உங்க வங்கி, வாங்குறவரோட வங்கி, நடுவுல யுபிஐயை நடத்துற என்பிசிஐ, நீங்க பயன்படுத்துற ஆப், இவங்க எல்லாருக்கும் தெரியும். கட்டணத் தகவலை இந்தியாவுக்குள்ளேயே வைக்கணும்னு ரிசர்வ் வங்கி 2018-லயே உத்தரவு போட்டிருக்கு, ஆனா அது தகவல் எங்க இருக்கணும்ங்கிறதைப் பத்தினது. மாற்று ஓஎஸ் தடுக்கிறது வேற: உங்க தொடர்பு நம்பர்கள், இருக்கிற இடம், மத்த ஆப்கள் இதெல்லாம் அந்தக் கணக்கோட போய் ஒட்டிக்காம பார்த்துக்கும்.

தனியுரிமை அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட்ல தீர்ப்புச் சொன்னது. மருந்துக் கடையில என்ன வாங்குறோம்னு யாருக்கும் தெரிய வேணாம்னு நினைக்கிறதும் அந்த உரிமையில அடங்கும்னு நான் நினைக்கிறேன். அந்த மாதிரிச் செலவுக்கு ரொக்கம்தான் ஐயா. டீ, பருத்திப்பால்னு சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட் வச்சுக்கோங்க. யுபிஐ ஆப்புக்குள்ளேயே முன்கூட்டிப் பணம் ஏத்தி வைக்கிற பர்ஸ் மாதிரி அது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை, மொத்த இருப்பு 5,000 வரை. பாஸ்புக்ல பணம் ஏத்தினது ஒரு வரியா வரும், ஒவ்வொரு டீயும் தனி வரியா வராது. ஓஎஸ் மாத்துறதுக்கு முன்னாடி லைட்ல இருக்கிற பணத்தைக் கணக்குக்குத் திருப்பிடுங்க.

உசிலம்பட்டி, விவசாயி: என்கிட்ட பட்டன் ஃபோன்தான்.

*99# அடிங்கண்ணே. நெட் வேணாம், ஆப் வேணாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். முதல் தடவை டெபிட் கார்டோட கடைசி 6 இலக்கமும் அது முடியிற தேதியும் கேக்கும், கார்டைக் கையில வச்சுக்கோங்க. தொடர்பு நம்பரை உருவுற ஆப்பே இல்லாததால, இந்த விஷயத்துல உங்க ஃபோன் எங்க ஃபோனைவிட மேல்.

திருமங்கலம்: புது ஃபோன் வாங்க வசதியில்ல. இருக்கிற ஆண்ட்ராய்டுலயே என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம் தங்கச்சி. யுபிஐ ஆப்போட அனுமதிப் பட்டியலைத் திறந்து, முதல்ல தொடர்புகளை மூடுங்க. க்யூஆர் ஸ்கேன் பண்றவங்களுக்கு அது எதுக்கு? இருப்பிடம் கண்டிப்பா வேணும்னு ஆப் கேட்டா, ஆப் திறந்திருக்கும்போது மட்டும்னு வைங்க. எஸ்எம்எஸ் அனுமதியைப் பதிவு முடிஞ்சதும் எடுத்துப் பாருங்க, ஆப் ஓடினா அப்படியே விட்டுடுங்க. கிராஃபீன்ல இதுக்கு ஒரு நல்ல வசதி இருக்கு. ஆப்புக்கு அனுமதி கொடுத்த மாதிரி காட்டிட்டு, நாம தேர்ந்தெடுத்த ரெண்டு நம்பரை மட்டும் அது கண்ணுல காட்டும். உங்க ஃபோன்ல அது இல்லாட்டியும், தொடர்புகளை மூடினாலே பாதி வேலை முடிஞ்சுது.