பாலைப் பூக்களை ஹெர்பேரியத்துக்குச் (அழுத்தி உலர்த்திய செடிகளின் தொகுப்புக்குச்) சேகரிப்பது: கேள்வி பதில்

மழைக்குப் பிறகு பாலைவனமே பூத்துக் கிடக்கிறது. பூவை மட்டும் பறித்து அழுத்தினால் போதாதா?

போதாது. வேர், அடியிலை, பூ, காய் எல்லாம் வேண்டும். கடுகுக் குடும்பத்தில் பெரும்பாலும் எந்தச் செடியைப் பார்த்தாலும் அதே நான்கு இதழ்தான். இனத்தைக் காட்டிக்கொடுப்பது காய். விரல் நீளம்கூட வளராத செடி என்றால் தாள் நிறையப் பத்துப் பன்னிரண்டு வைப்பது வழக்கம். ஆனால் முதலில் சுற்றிலும் எண்ணிப் பாருங்கள். இருபதுக்கு ஒன்றுக்கு மேல் தொடக்கூடாது என்பது களத்தில் பலரும் வைத்திருக்கும் கணக்கு. நில அனுமதியும் கையில் இருக்கட்டும்.

சப்பாத்திக்கள்ளி மடலை அழுத்தி மூன்று வாரம் ஆகிறது. திறந்தால் புதுத் துளிர்!

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். எனக்கும் நடந்ததுதான். சேர்த்து வைத்த நீரிலேயே அது உயிர் பிழைத்துக்கொள்ளும். மடலை நெடுக்கில் பிளந்து, கரண்டியால் சதையைச் சுரண்டி எறிந்துவிட்டு, முட்கொத்தோடு தோலை மட்டும் அழுத்துங்கள். சின்னச் சதைச்செடி என்றால் இலை, தண்டை மட்டும் கொதிநீரில் சில நொடி முக்கி எடுக்கலாம். பூவில் வெந்நீர் படக்கூடாது. முதல் சில நாள் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கள்ளிகள் ஏறக்குறைய எல்லாமே சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், காய்ந்த மாதிரியையும் விதி பார்க்காமல் நாடு விட்டு நாடு அனுப்பாதீர்கள்.

பை நிறையப் பறித்து வருவதற்குள் எல்லாம் வதங்கிவிடுகிறது.

செடியைத் தாளுக்கிடையில் வைத்து அழுத்தும் பிரஸ்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். வேர் மணலை உதறிவிட்டு அங்கேயே அழுத்துங்கள். ஒரு பூவைப் பிரித்து விரித்தும், இன்னொன்றைப் பக்கவாட்டிலும் வைத்தால் பின்னால் பார்ப்பவர் வாழ்த்துவார்.

போட்டோவும் ஜிபிஎஸ்ஸும் இருக்கும்போது குறிப்பு எதற்கு?

ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும், மண்ணைச் சொல்லாது. போட்டோவில் மணம் வராது. நீலப்பூ காய்ந்தால் பழுப்பாகிவிடலாம். செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதுங்கள், இப்படி: “நிமிர்ந்த செடி, 15 செ.மீ.; பூ வெளிர்நீலம், லேசான மணம்; வறண்ட ஓடைப் படுகை, கரடுமணல்; 50 செடிக்கு மேல்.” தேதி, ஆயத்தொலைவு, கடல்மட்ட உயரம், பக்கத்துச் செடிகள் ஆகியவையும் சேரட்டும்.

ஒவ்வொரு சேகரிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் சேகரிப்பு எண்ணை வாழ்நாள் முழுக்க ஒரே வரிசையில் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு பயணத்துக்கும் 1-இல் தொடங்கினேன். இப்போது என் பெயரில் மூன்று 14-ஆம் எண்கள் இருக்கின்றன. எந்தக் குறிப்பு எந்தச் செடிக்கு என்று எனக்கே தெரியவில்லை.

பேனாவா, பென்சிலா?

பென்சில். ஈரத்தில் கலையாது.

காய்ந்த மாதிரியில் வண்டு விழுந்துவிட்டது.

பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஆவலில் பிரித்துவிடாதீர்கள். குளிர் முழுக்கத் தணிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் தாளெல்லாம் நீர் கோத்துவிடும்.