இமையை மூடிக்கொண்டால் லேசர் உள்ளே போகாதா?

கேள்வி: என் தங்கைக்கு 26 வயது. அடுத்த மாதம் கல்யாணம். அண்ணா நகரில் ஒரு அழகு நிலையத்தில், புருவத்துக்குக் கீழே உள்ள முடியை லேசர் வைத்து எடுத்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மேலே பஞ்சு மட்டும் வைத்தார்களாம். அன்று ராத்திரியே இடது கண் சிவந்து வலித்தது. மூன்று நாளாகியும் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண் பாப்பா ஒரு பக்கம் இழுத்த மாதிரி தெரிகிறது. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டாம் அம்மா. இன்றைக்கே தங்கையைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தோல் மருத்துவரிடமோ, மறுபடியும் அந்த நிலையத்துக்கோ அல்ல. 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. பக்கத்தில் நம்பிக்கையான தனியார் கண் மருத்துவமனை இருந்தாலும் சரி. தங்கை வண்டி ஓட்ட வேண்டாம், யாராவது கூடப் போங்கள்.

நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் அந்தப் பாப்பாதான். வெறும் கண் சிவப்பில் பாப்பாவின் வடிவம் மாறாது. அது கோணிக்கொண்டு, வெளிச்சமும் கூசுகிறது என்றால், பாப்பாவைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற பழுப்புத் திரை சூடுபட்டு, உள்ளே அழற்சி வந்திருக்கலாம்.

இமை மூடியிருந்தபோது எப்படி என்று கேட்பீர்கள். முடி நீக்கும் லேசர், தோலைத் தாண்டி முடியின் வேர் வரை இறங்கி, அங்குள்ள கருநிறமியைச் சூடாக்குவதற்காகவே செய்யப்பட்டது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முடி நீக்கப் பயன்படும் அலெக்ஸாண்ட்ரைட் லேசரின் 755 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கும், டயோடின் 810க்கும், யாக் லேசரின் 1064க்கும் அது ஒரு தடையே இல்லை. ஐரிஸிலும் விழித்திரையிலும் அதே கருநிறமி இருக்கிறது. நம்மைப் போன்ற கரும்பழுப்புக் கண்களில் அது இன்னும் அதிகம். போதாததற்கு, கண்ணை இறுக்கி மூடும்போது பலருக்கு விழி தானாக மேலே உருளும். அதாவது ஐரிஸ் நேராகப் புருவத்தின் பக்கம், லேசர் முனைக்கு அருகில் போய் நிற்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததே ஆபத்தைக் கூட்டிவிடுகிறது.

மருத்துவர் பார்வையையும் கண் அழுத்தத்தையும் சோதித்து, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்ப்பார். பாப்பாவை விரிய வைத்து விழித்திரையைப் பார்ப்பது அவசியம்; தேவைப்பட்டால் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும் எடுப்பார்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் வலி குறைந்துவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அழற்சிதான் என்றால் பாப்பாவை விரிக்கும் சொட்டும், ஸ்டீராய்டு சொட்டும் கொடுப்பார்கள். கடையில் வாங்கியதை இப்போதே நிறுத்திவிட்டு, அந்த பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும், கண் அழுத்தத்தை ஏற்றக்கூடிய மருந்து அது.

வலியும் கூச்சமும் சிகிச்சையில் பெரும்பாலும் அடங்கும். பாப்பாவின் கோணல் சிலருக்கு அப்படியே நின்றுவிடுவதுண்டு. இதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. பின்னால் கண்புரையும் வரலாம் என்பதால், சரியான பிறகும் மருத்துவர் சொல்லும் நாட்களில் போய்க் காட்ட வேண்டும்.

அப்புறம், அந்த நிலையத்தில் எந்த வகை லேசர், எத்தனை நானோமீட்டர், எவ்வளவு சக்தி வைத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். எந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டும் என்று கணிக்க அது உதவும். பாக்கி சிட்டிங் எதற்கும் போக வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: புருவத்துக்குக் கீழே, கண்குழி எலும்பின் விளிம்புக்கு உள்ளே, முடி எடுக்க லேசர் வேண்டவே வேண்டாம். நூல் வைத்து எடுப்பதே போதும். கன்னம், மேலுதடு என்றால் அந்த லேசரின் அலைநீளத்துக்கென்றே உள்ள, ஒளி புகாத கண் கவசம் போட்டாக வேண்டும். இமையிலேயே லேசர் சிகிச்சை தேவைப்படும் நோய்களுக்கு, கண்ணை மரக்கச் செய்து, இமைக்கு உள்ளே உலோகக் கவசம் பொருத்திய பிறகே செய்வார்கள். அது பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை. பஞ்சை வைத்து ‘கண்ணை மூடிக்கோங்க’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மை, ஒட்டு இமைமுடி, கான்டாக்ட் லென்ஸ் எதுவும் கண் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்.