வாசகர் கேள்வி – பதில்: ஈயக் குழாயை மாற்றும் செலவு யார் தலையில்?

கேள்வி: சிகாகோவில் 1950களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாய் ஈயம் என்று நகரக் குடிநீர்த் துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிளம்பர் சொல்லும் தொகை தலைசுற்ற வைக்கிறது. எங்கள் மனைக்குள் இருக்கும் பகுதியை மட்டும் மாற்றினால் போதாதா? உதவித்தொகை ஏதும் உண்டா?

பதில்: பிளம்பருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் குடிநீர்த் துறையிடம் பேசுங்கள்.

பாதிக் குழாயை மாற்றுவது, மாற்றாமல் விடுவதைவிடச் சில மாதங்களுக்கு மோசம். பழைய ஈயக் குழாயின் உட்சுவரில் பல வருடப் படிவு ஒட்டியிருக்கும். ஈயம் நீரில் கரையாமல் ஓரளவு காப்பது அதுதான். குழாயை அறுக்கும் அதிர்வில் படிவு பெயர்ந்து, ஈயத் துகளாகக் குழாயடிக்கு வந்து சேரும். போதாக்குறைக்கு, மிச்ச ஈயத்தோடு புதுச் செம்பை இணைத்தால் அந்த மூட்டில் மின்வேதி அரிப்பு தொடங்கி, ஈயம் இன்னும் வேகமாகக் கரையும். இல்லினாய் மாநிலத்தில் 2022 முதல் பாதி மாற்றத்துக்குப் பொதுவாகத் தடையே இருக்கிறது. தெருவின் பெரிய குழாயிலிருந்து உங்கள் மீட்டர் வரை ஒரே மூச்சில் மாற்ற வேண்டும்.

இனி பணம். இது நீங்கள் ஆசைப்பட்டுப் போட்ட குழாய் அல்ல. 1986-இல் நாடு முழுக்கத் தடை வரும்வரை, வீட்டு இணைப்புக்கு ஈயம்தான் போட வேண்டும் என்று சிகாகோ நகர விதியே சொன்னது. அதனால் உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. குறைந்த வருமானத்தில் சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு நகரமே இலவசமாக மாற்றித் தருகிறது. ஈயக் குழாய் உடைந்தோ கசிந்தோ போனாலும் நகரச் செலவுதான். சொந்தச் செலவில் மாற்றுவோருக்குப் பெர்மிட் கட்டணத்தில் சலுகை உண்டு. வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்; முடித்துவிட்டு ரசீதோடு போனால் பெரும்பாலும் கை விரிப்பார்கள்.

வேறு ஊர் வாசகர்களுக்கு: 2021-இன் அமெரிக்க உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கென்றே 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. மாநிலச் சுழல்நிதி (குடிநீர்த் திட்டங்களுக்குக் கடனும் மானியமும் தரும் மாநில நிதி) வழியாக வரும் அந்தப் பணத்தில் ஏறக்குறைய பாதி, திருப்பிக் கட்ட வேண்டாதது. “எங்கள் தெரு எந்த வருடப் பட்டியலில் இருக்கிறது? மனைக்குள் இருக்கும் பகுதிக்கும் நிதி உண்டா?” என்ற இரண்டையும் உங்கள் ஊர்க் குடிநீர்த் துறையிடம் கேளுங்கள். நியூவார்க் நகரம் சுமார் 23,000 குழாய்களை வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல் மூன்றே வருடத்துக்குள் மாற்றியது. மேடிசன் நகரம் பாதிச் செலவை, 1,000 டாலர் வரை, திருப்பித் தந்தது. மனம் இருந்தால் நகரங்களால் முடியும்! இப்படி அரசுத் திட்டத்தில் மாற்றித் தரும் குழாய் வீட்டுக்காரரின் வருமானமாகக் கணக்கில் வராது என்று வருமானவரித் துறை 2024-இல் தெளிவுபடுத்திவிட்டது.

கைக்காசுதான் என்றால் மூன்று எஸ்டிமேட் வாங்குங்கள். நடைபாதையைப் பூசுவது, அடித்தளச் சுவரின் ஓட்டையை அடைப்பது, பெர்மிட் எல்லாம் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய குழாயையே மின் எர்த்தாகப் பயன்படுத்தியிருந்தால் புது எர்த் கம்பி தேவைப்படும். பல எஸ்டிமேட்டுகளில் விட்டுப்போவது இதுதான்.

கேள்வி: எங்கள் குழாய் ஈயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அடித்தளத்தில், மீட்டருக்கு முன்னால் சுவரைத் துளைத்து வரும் குழாயைச் சாவியால் மெல்லச் சுரண்டுங்கள். பளிச்சென்று வெள்ளியாக மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செம்புக்காசு நிறம் தெரிந்தால் செம்பு.

கேள்வி: குழாயை மாற்றிய அன்றே தண்ணீர் குடிக்கலாமா?

பதில்: கூடாது. எல்லாக் குழாய் முனைகளிலும் இருக்கும் வலையைக் கழற்றிவிட்டு, கீழ்த் தளத்திலிருந்து தொடங்கி மேல் தளம் வரை குளிர்நீரை முழு வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். வலையில் சிக்கிய துகளைக் கழுவிய பிறகே திரும்ப மாட்டுங்கள். அடுத்த ஆறு மாதம், ஈயம் நீக்கும் என்று என்.எஸ்.எஃப் 53 (வடிகட்டிகளுக்கான தர எண்) சான்று பெற்ற வடிகட்டி வேண்டும். 42 என்று மட்டும் போட்டிருப்பது ருசிக்கும் வாடைக்கும்தான். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர்க் குழாயைத் திறக்கவே வேண்டாம்.