பதிவை நீக்கி, கணக்கையும் முடக்கிவிட்டார்கள்: வழக்குப் போடலாமா?

கேள்வி: ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் ஆற்றில் கலப்பதைப் படம்பிடித்து, பெரிய சமூக வலைதளம் ஒன்றில் தொடர்ந்து பதிவிட்டு வந்தேன். ‘சமூக விதிகளை மீறியது’ என்று ஒரு பதிவை நீக்கினார்கள். அதையே மறுபடி போட்டேன், கணக்கையே முடக்கிவிட்டார்கள். எந்த விதியை மீறினேன் என்று ஒரு வரிகூட இல்லை. பல வருடப் பதிவுகளும் படங்களும் அதில்தான் இருக்கின்றன. கருத்துச் சுதந்திரம் அரசியலமைப்புச் சட்டம் தந்த உரிமைதானே? உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா?

பதில்: போட முடியும். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள், கருத்துச் சுதந்திரம் என்ற ஒரே வாதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டும் போகாதீர்கள்.

அரசியலமைப்பின் 19(1)(ஏ) பிரிவு தரும் பேச்சுரிமை அடிப்படையில் அரசுக்கு எதிரான பாதுகாப்பு. அரசு என்றால் யார் என்பதை 12-வது பிரிவு சொல்கிறது, தனியார் நிறுவனம் அதற்குள் வராது. இதை நான் சொன்னதும் பலர் 2023 ஜனவரியில் வந்த கௌஷல் கிஷோர் தீர்ப்பைக் காட்டுவார்கள். 19-வது பிரிவின் பேச்சுரிமை, 21-வது பிரிவின் வாழ்வுரிமை போன்றவற்றை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதில் சொன்னது உண்மைதான், நீதிபதி நாகரத்னா மட்டும் அதில் மாறுபட்டார். ஆனால் அந்த வழக்கு அமைச்சர்களின் பேச்சைப் பற்றியது. முடக்கிய கணக்கைத் திருப்பித் தரும்படி ஒரு நிறுவனத்துக்கு எப்படி உத்தரவிடுவது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. வாதத்தில் அதை மேற்கோள் காட்டலாம், அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

இன்னொரு வழி, 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு, அதாவது உரிமையைக் காக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்திடம் நேரடியாகக் கேட்கும் மனு. அரசு அல்லாத அமைப்பாக இருந்தாலும் பொதுப்பணி ஒன்றைச் செய்தால் அதன் மீது உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று கிரிக்கெட் வாரியம் சம்பந்தப்பட்ட ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனை கோடிப் பேர் பேசும் இடத்தை நடத்துவதும் பொதுப்பணிதான் என்று வாதாடலாம், எனக்கு அதில் நம்பிக்கையும் உண்டு. ஆனால் காலம் ஆகும். மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு 2019-ல் முடக்கப்பட்டபோது அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அவருக்கே அப்படி என்றால் உங்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் உங்கள் பதிவை நீக்கியது உண்மையில் யார் என்று பாருங்கள். நிறுவனம் தானாகச் செய்ததா, அரசு உத்தரவின்பேரில் செய்ததா, யாராவது புகார் கொடுத்துச் செய்ததா? வழக்கின் திசையே இதில்தான் மாறும். வந்த அறிவிப்பில் ‘சட்டபூர்வ கோரிக்கை’ என்ற மாதிரி ஏதாவது சொல் இருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழோ (பதிவைத் தடுக்க உத்தரவிடும் அதிகாரம்) 79(3)(பி) பிரிவின் கீழோ (நீக்கச் சொல்லி அறிவிப்பு அனுப்புவது) அரசு தலையிட்டிருக்கலாம். அப்படியானால் உங்கள் பேச்சுரிமை வாதம் நேரடியாகவே பொருந்தும், தயங்காமல் ரிட் போடலாம். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்த 2015-ஆம் ஆண்டின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு அங்கே உங்களுக்குப் பெரிய துணை. எதிர்த்தரப்பு பதிப்புரிமைப் புகார் கொடுத்து நீக்கவைத்திருந்தால் அது வேறு கதை: புகார்தாரர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கி வராவிட்டால், நிறுவனம் அந்தப் பதிவைத் திரும்ப அனுமதிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவு இடம் தருகிறது. நீங்களே எடுத்த படம் என்றால் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் நிறுவனமே செய்ததாகத்தான் தெரிகிறது. இங்கேதான் 2021-ஆம் ஆண்டின் இடைத்தரகர் விதிகள் (பிறர் பதிவுகளைத் தாங்கும் வலைதளங்களுக்கான விதிகள்) உங்களுக்குக் கைகொடுக்கும். இவற்றைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள வலைதளம், 3(1)(பி) விதி தடுக்கும் வகையை (ஆபாசம், பொய்த் தகவல் போன்றவை) சேர்ந்தது என்று ஒரு பதிவைத் தானாக நீக்கினால், நீக்குவதற்கு முன்பே உங்களுக்கு அறிவிக்க வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், மறுத்து வாதிட நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்று 4(8) விதி சொல்கிறது. 2022 அக்டோபரில் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போய், அரசியலமைப்பின் 14, 19, 21 பிரிவுகள் உட்படக் குடிமக்களின் உரிமைகளை நிறுவனம் மதிக்க வேண்டும் என்றே எழுதிவிட்டது. ஆக, அரசியலமைப்பை நேரடியாகக் காட்டி நிறுவனத்தை மடக்குவது கடினம் என்றாலும், அந்த உரிமைகளை மதிக்க வேண்டிய கடமையை விதி அதன் தலையில் வைத்திருக்கிறது. இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உடனே அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் வலைதளத்திலேயே இருக்க வேண்டும், புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கோபத்தையெல்லாம் கொட்டி நான்கு பக்கம் எழுதாதீர்கள். “இந்தத் தேதியில் இந்தப் பதிவை நீக்கினீர்கள், இந்தத் தேதியில் கணக்கை முடக்கினீர்கள். எந்த விதியின் எந்தப் பகுதியை என் பதிவு மீறியது என்று தெரிவிக்கவும். 4(8) விதிப்படி முன்னறிவிப்பும் மறுப்பதற்கான வாய்ப்பும் தரப்படவில்லை. பதிவையும் கணக்கையும் மீட்டுத் தரவும், அதுவரை என் தரவுகளை அழிக்காமல் வைக்கவும்” என்று இருந்தால் போதும். பதிவு, கணக்கு இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். விதியின் வாசகம் தகவலை நீக்குவதைத்தான் நேரடியாகச் சொல்கிறது, கணக்கு முடக்கம் அதில் வராது என்று நிறுவனம் நழுவப் பார்க்கலாம்.

பதில் திருப்தி இல்லை என்றால் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் மத்திய அரசு இப்படி மூன்று குழுக்களை அமைத்தது. எல்லாமே இணையவழிதான், நேரில் அலைய வேண்டாம். அதிகாரியின் பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும், இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். குழுவின் உத்தரவை நிறுவனம் பின்பற்ற வேண்டும். இந்தக் குழுக்களைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு, அப்படியிருக்க அரசை விமர்சித்து எழுதியவர் அங்கே போய் நிற்பது எவ்வளவு சங்கடம்! ஐரோப்பாவில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், நீக்கியதற்கான காரணத்தை எழுதித் தரும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது, நிறுவனத்தைச் சாராத தனி அமைப்பிடம் முறையிடவும் வழி வைத்திருக்கிறது. நமக்கும் அதுபோல அரசையும் நிறுவனத்தையும் சாராத ஓர் இடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பிரச்சினை ஒரு தொழிற்சாலையைப் பற்றியது என்பதால் இப்போதைக்கு இந்தக் குழுவையே நாடலாம், செலவும் இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இலவசச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ ஆகாது. நீங்கள் சந்தா கட்டியிருந்தாலோ, பதிவைப் பரப்பக் காசு கொடுத்திருந்தாலோ யோசிக்கலாம். நியாயமான காரணம் இல்லாமல் ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை வைத்துக்கொள்வது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ ஆகலாம், அந்தப் புகார் மாவட்ட ஆணையத்துக்குப் போகாது, மாநில ஆணையத்துக்குத்தான்.

அப்புறம், வேறு பெயரில் புதுக் கணக்கு தொடங்கிவிடாதீர்கள். முடக்கத்தை ஏமாற்றப் பார்த்தார் என்று அதையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள். வந்த எல்லா அறிவிப்புகளையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நீதிமன்றம் வரை போனால் மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழும் தேவைப்படும். பதிவுகளில் தொழிற்சாலையின் முதலாளிகளைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மையைப் பொதுநலனுக்காகச் சொல்வதற்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு, வசவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதே படங்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்துப் புகாராக அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டின் நகலை மேல்முறையீட்டோடு இணைத்தால், நீங்கள் பொழுதுபோக்குக்காக எழுதவில்லை என்பது குழுவுக்குப் புரியும்.