டெங்குவுக்குப் பிறகு மலைச் சைக்கிள் ஓட்டம்: விலகுவதா, புறப்படுவதா?

உப்புவெளியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மலைநாட்டில் நடக்கும் மவுண்டன் பைக் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தூரம் 70 கிலோமீற்றர், மொத்த ஏற்றம் 1,800 மீற்றர். 8 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். டெங்கு வந்து மூன்று கிழமை படுத்துவிட்டேன். மீண்டும் சைக்கிளில் ஏறிய அன்றே பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உடைந்தது. இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. திருகோணமலையில் பயிற்சிக்கு நீண்ட ஏற்றமும் இல்லை. விலகிவிடட்டுமா?"

இன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள். நான்காம் கிழமை முடிவில் ஓர் எண் அதைத் தீர்த்துவைக்கும். அதற்கு முன் வைத்தியரின் சொல் வேண்டும். காய்ச்சல் விட்டதும் உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பக் கூடாது. குருதிப் பரிசோதனையில் தட்டணுக்கள் வழமைக்குத் திரும்பியிருக்க வேண்டும். டெங்கு சிலருக்கு இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும். நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈசிஜி எடுத்துப் பார்க்கும்வரை மிதிக்கவே வேண்டாம். தினமும் காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழமையைவிட எட்டு, பத்து கூடியிருந்தால் அன்று ஓய்வு.

மூன்று கிழமை ஓய்வில் முதலில் குறைவது பெரும்பாலும் குருதியின் நீர்ப்பகுதி. வருடக்கணக்கில் தசைகள் சேர்த்த தாங்குதிறன் அவ்வளவு விரைவில் போகாது. நீர்ப்பகுதியை மீட்க வெயிலில் செய்யும் பயிற்சி நன்றாக உதவும். 10 முதல் 14 நாளில் உடம்பு வெப்பத்துக்குப் பழகிவிடும். அந்த வெயில் உங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் முதற் கிழமை வேண்டாம். அந்த நாட்களில் விடியற்காலையில் நிலாவெளிப் பக்கம் முக்கால் மணிநேரம், பேச்சுத் தடைப்படாத வேகத்தில் போய்வந்தால் போதும்.

ஏற்றம் இல்லை என்கிறீர்கள். கச்சான் காற்று வீசும் பருவம் இது. தென்மேற்கிலிருந்து அனலாக வரும் அந்தக் காற்றைக் கண்டி வீதியில் தம்பலகாமம் நோக்கிப் போனால் நேராக முகத்தில் வாங்கலாம். திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும். இரண்டாம் கிழமை முதல் இருக்கையை விட்டு எழாமல், ஒரு கியர் கனமாக வைத்து, நிமிடத்துக்கு 60 சுற்று என்ற அளவில் மிதியுங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி இருபதுக்குக் கொண்டுபோகலாம். கந்தளாய்க்கு அப்பால் இருட்டில் போகாதீர்கள், யானை நடமாட்டம் உண்டு.

காற்று காலுக்குப் பலம் தரும்; ஆனால் மலையில் நடைவேகத்தில் முன்சக்கரத்தை நேராகப் பிடிக்கும் சமநிலையைத் தராது. அதற்கு உப்புவெளிக் கடற்கரையின் உலர்ந்த மணல் இருக்கிறது. மிக இலேசான கியரில் மூன்று நிமிடம் ஓட்டிப் பாருங்கள், மலையில் ஊர்வதற்கு நெருங்கிய அனுபவம் கிடைக்கும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் இடாவிட்டால் உப்பு அதைத் தின்றுவிடும். திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை ஏற்றம் பலர் கண்ணில் படும். அடியார்கள் வெறுங்காலுடன் நடக்கும் வழியில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்வதை நான் விரும்பவில்லை.

நான்காம் கிழமை முடிவில் ஒரு சனிக்கிழமை சைக்கிளோடு மாத்தளை போய், இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் வீதியில் ஏறுங்கள். மூச்சு வாங்காமல் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மீற்றர் உயரம் ஏறுகிறீர்கள் என்று கைத்தொலைபேசிச் செயலியில் பாருங்கள். 450 என்றால் 1,800 மீற்றருக்கு 4 மணித்தியாலம். இறக்கத்துக்கும் சமதரைக்கும் சுமார் 2, நிற்பதற்கு முக்கால். ஏழுக்குள் முடிந்துவிடும். தார் வீதியில் கிடைக்கும் எண் மண் பாதையில் குறையும். மிச்சமிருக்கும் ஒரு மணித்தியாலம் அதற்குத்தான். 350 என்றால் ஏற்றமே 5 மணித்தியாலத்தைத் தாண்டும், பஞ்சருக்குக்கூட நேரமிராது. அப்படியானால் குறுந்தூரப் பிரிவு உண்டா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள், இல்லையென்றால் விலகுங்கள்.

ஓடுவதானால் முதல் ஏற்றத்தில் எல்லாரும் உங்களை முந்தட்டும். மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் இல்லை, நேர இழப்பும் சொற்பம். முதல் அரை மணியிலிருந்தே சாப்பிடுங்கள்: மணிக்கு 60 கிராம் அளவு மாச்சத்து. இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு பனங்கட்டியும் அதை ஈடுசெய்யும். தண்ணீரில் ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புத்தூள்) கரைத்துக்கொள்ளுங்கள். புதிய உணவு எதையும் அன்று பரீட்சிக்க வேண்டாம்.

ஹேங்கர் சைக்கிளின் சட்டத்துக்கு (ஃபிரேம்) ஏற்ப வேறுபடும். பழையதைக் கழற்றிக் கொண்டுபோய், அதே வடிவத்தில் இரண்டு வாங்குங்கள். ஒன்று கொண்டுபோகும் பையில் இருக்கட்டும். அதுவும் உடைந்தால் செயினை வெட்டிச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டலாம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இது எளிது. செயின் வெட்டும் கருவியும் இணைப்புக் கண்ணியும் இருந்தால் போதும். பழைய செயின் ஒன்றில் வீட்டு முற்றத்தில் இருமுறை செய்து பழகிவிட்டுப் புறப்படுங்கள்.